பெருநாளில் பால்சுறா

தபாலில் அனுப்பினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஒரு காகிதம்தான். நான்காக மடித்தது, தொட்டால் மடிப்பில் பிரிந்துவிடும் போல இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் துடைத்தபோது, அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே கிடைத்தது. அப்பா அந்தப் பெட்டியை நூறு தடவையாவது குடைந்திருப்பார். செய்தித்தாளைத் தூக்கிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அது அவருடைய தங்கை அஞ்சலையின் பிறப்புப் பத்திரம். தாத்தா முனியாண்டி மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். வேலை போனதும் பாட்டியையும் என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறித் துறையூருக்கே திரும்பிவிட்டார். அத்தைக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, அவள் அங்கேயே தங்கிவிட்டாள். புறப்படுகிற அவசரத்தில் தாத்தா வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் ஒரே துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். மகளுடையதைப் பிரித்துக் கொடுக்கவில்லை.

அந்த நாட்டில் அடையாள அட்டைக்கு ஐசி என்று பெயர். குடிமக்களுக்கு நீல அட்டை. குடியுரிமை இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்குச் சிவப்பு. அத்தைக்கு இன்றுவரை சிவப்புதான். அதனால் பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை. அண்ணனை ஐம்பது வருடமாகப் பார்க்கவில்லை, சாவுக்கும் வரவில்லை. முன்பெல்லாம் அவள் யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பும் கடிதங்களின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'அண்ணா, என் பத்திரம் கிடைத்ததா?'

இப்போது அவளுக்குக் குடியுரிமை மனு கொடுக்கப் பதிவு அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. இதைத் தபால்காரனிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. லாரிக் கிளீனர், பம்பாயில் கேன்டீன், பிறகு கடல் தாண்டி ஹோட்டல்களில் பாத்திரம் என்று சுற்றியே வாழ்ந்தவன். போக ஒரு காரணம் கிடைத்தால் விடமாட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மலேசிய ரயிலில் இருந்தேன். பத்தாங் காலியில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். ரயில் குளுகுளுவென்று, சத்தமே இல்லாமல் போயிற்று. நம்மூர் ரயில் என்றால் சுண்டல்காரன் எழுப்பிவிடுவான். இங்கே எழுப்ப ஆளில்லை. கண்ணைத் திறந்தபோது வெளியே கலும்பாங் என்று பலகை. மூன்று நிலையம் தாண்டிவிட்டேன். இறங்கியதும் மழை.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழம்மா கடை வைத்திருந்தார். வாழையிலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். தேங்காய்ப்பால் சோறு, மேலே நெத்திலியும் காரச் சம்பலும்.

"எங்க போறீங்க அண்ணே?"

"புக்கிட் பெருந்துங்."

"அத எப்பவோ தாண்டிட்டீங்களேலா. ஊர்லேர்ந்தா வர்றீங்க?"

எப்படித் தெரிந்தது என்றேன்.

"பைய மாரோட கட்டிப் புடிச்சிக்கிட்டு சாப்பிடறீங்களே. ஒரு கையால சம்பல் பெசையறவர இன்னிக்கித்தான் பாக்குறேன்."

ஒரு மணி நேரத்தில் அத்தையின் மகள் மகேஸ்வரி ஒரு பழைய சின்னக் காரில் வந்து சேர்ந்தாள். ராவாங்கில் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. போனில் பேசியிருக்கிறோமே தவிர நேரில் பார்த்ததில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, ஒரு டேசன் தள்ளி எறங்கினா பரவால்ல. நீங்க இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தா அடுத்த மாநிலத்துக்கே போயிருப்பீங்க."

புக்கிட் பெருந்துங்கில் அவர்கள் வீடு ஒரே மாதிரி ஐம்பது வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வரிசையில் இருந்தது. அத்தை வாசலில் நின்றாள். அப்பாவுக்குப் புடவை கட்டியது போல அதே மூக்கு, அதே சாய்ந்த நிற்பு. அழவில்லை. "மருமவனே, கை கழுவிட்டு வா. கோழி ஆறுது" என்றாள். சாப்பிடும்போது அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். தூக்கத்தில் என்றேன். "நல்லவேளை" என்று இன்னொரு துண்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, உட்கார்ந்து, "இப்ப எடு" என்றாள்.

கிழிந்துவிடும் என்று பயந்து நான் அதை முழுதாகப் பிரித்ததே இல்லை. பெயர் தெரிகிற பக்கத்தை மட்டும் மகேஸுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். மகேஸ் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, மீன் முள் எடுப்பதுபோலப் பிரித்தாள். அஞ்சலை, தந்தை முனியாண்டி, தோட்டத்தின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. அத்தையின் சிவப்பு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மா, இதுல பொறந்த தேதி நாலு வருசம் முந்தி போட்டிருக்கு."

அத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, இருந்தும் பார்த்தாள்.

"அது நான் இல்ல. எங்கக்கா."

எனக்கு அப்படியொரு பெரியத்தை இருந்ததே தெரியாது. அத்தைக்கு அவளுடைய அம்மா சொல்லித் தெரியும். முதல் பெண்ணுக்கு அஞ்சலை என்று பெயர். பத்து மாதத்தில் போய்விட்டது. பிறகு என் அப்பா. அப்புறம் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்தார்கள். பெயர் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது, அது போதும் என்று தாத்தா நினைத்திருக்க வேண்டும்.

"பதியணும்னா கோலசிலாங்கூருக்குப் போவணும். ஒரு நாள் பேரு போயிடும்" என்றாள் அத்தை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மழையில் பாதியில் நின்றால் அரைப் பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. "பேரு போவக்கூடாதுன்னு எனக்குப் பேரே பதியாம வுட்டுட்டாரு எங்கப்பா."

அப்படியானால் சிவப்பு அட்டை எப்படி வந்தது என்றேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஒரு தேதி போட்டானாம். பத்து மாதம் இருந்துவிட்டுப் போனவள் இந்த நாட்டில் பிறந்ததற்குக் காகிதம் இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் இருந்தவளுக்கு இல்லை.

மகேஸ் எழுந்து காற்றாடியை நிறுத்தினாள். காகிதம் பறந்துவிடும் என்றா, கோபத்திலா என்று தெரியவில்லை.

"இப்ப என்னா போச்சு? பேரு ஒண்ணு, அப்பா ஒண்ணு, தோட்டம் ஒண்ணு. கிராணி தேதிய தப்பாப் போட்டுட்டான்னு சொல்லிடு. எவன் வந்து பாக்கப் போறான்?"

அடுத்தவன் பெயரில் இரண்டு வருடம் பாத்திரம் கழுவிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. அவள் சொல்வது சரி என்றேன்.

"சரிதான்" என்றாள் அத்தை. "அவ பேரு எனக்கு வந்துச்சு. அவ தொட்டிலு, அவ கொலுசு எனக்கு வந்துச்சு. அவ குடிக்க வேண்டிய பாலும் எனக்கு வந்துச்சு. அவளுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு காகிதம். அதையும் புடுங்கிக்கவா?"

"வெள்ளிக்கெழம என்னத்தக் கொண்டு போறது? ஒவ்வொரு ஓட்டு நாளுக்கும் எங்க எல்லாருக்கும் நாசி லெமாக் கட்டிக் குடுத்துட்டு நீ மட்டும் ஊட்டுலயே ஒக்காந்திருக்கியே, அப்படியே இருக்கப் போறியா?"

மகேஸ் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது. தெரிந்த ஒருவரிடம் விசாரித்தாளாம். காகிதம் இல்லாதவர்கள், இங்கேதான் பிறந்தார்கள் என்று அறிந்த ஒருவரைக் கூட்டிப் போகலாம். வயதில் மூத்தவராக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

"என்ன விட மூத்தவங்க எல்லாரும் செத்தாச்சு, இல்லன்னா கப்பலேறியாச்சு" என்றாள் அத்தை. பிறகு, "மீன்காரன் மவன் இருக்கானான்னு பாக்கலாம்" என்றாள்.

புதன்கிழமை கடலோரம் போனோம். வழியெங்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பால் மரம் இருந்த இடத்திலெல்லாம் இப்போது அதுதான். முன்னால் போன லாரியிலிருந்து பழக்குலை ஒன்று விழுந்து எங்கள் காருக்கு முன்னால் உருண்டது. மகேஸ் ஒடித்துத் தப்பினாள். ஆனால் கார் அதோடு மனம் விட்டுப்போய், அடுத்த மைலில் ஆவி விட்டு நின்றது.

நின்ற இடம் அத்தை பிறந்த தோட்டத்தின் முகப்பு. கம்பெனிக்காரன் பலகையில் ஏதோ ஆங்கிலப் பெயர். தமிழர்களுக்கு அது ஆத்தோரத் தோட்டம். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் கிடையாது. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களில் ஒரு வரிசை இன்னும் நின்றது. ஒருவர் பெயிண்ட் டின்னில் தண்ணீர் கொண்டுவந்தார், வங்காளதேசத்துக்காரர். பின்னாலேயே நான்கு பேர் வந்தார்கள். அறைக்கு ஐந்து பேராக இருக்கிறார்களாம். அவர் காரின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஊரில் மகள் பிறந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் பார்க்கவில்லை என்று மலாயில் சொன்னார். மகேஸ் எனக்கு மொழிபெயர்த்தாள். இந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியதில்லை. நானே ஐந்து பேர் அறையில் இருந்து சொல்லியிருக்கிறேன்.

அத்தை அதற்குள் இறங்கி நடந்துவிட்டாள். மூன்றாம் லயம் நின்ற இடத்தில் புல். அதைத் தாண்டி ஆற்றுப்பக்கம் செம்பனை வரிசைக்குள் போய் நின்றாள். சின்னப் பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்களாம். எந்த இடம் என்று குறியொன்றும் இல்லை. "இங்கதான் எங்கியோ" என்றாள். காலில் முள் குத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

கோலசிலாங்கூருக்குள் நுழையும்போது மத்தியானம். ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு குன்று. அதன்மேல் பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. கூடவே வெள்ளிநிறக் குரங்குகள், நம் பழனிக் குரங்கு மாதிரி பறித்துக்கொண்டு ஓடாமல், மடியில் உட்கார்ந்து கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்துப் பயறு வாங்கித் தின்கின்றன. மகேஸ் பலகையைப் படித்துச் சொன்னாள். சிலாங்கூரின் முதல் அரசர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். ஆற்று வழியாக ஈயம் இறங்கியது. அதற்கு ஆசைப்பட்டு டச்சுக்காரன் கப்பலில் வந்து கோட்டையைப் பிடித்துக் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தான்.

"அவனுக்கு என்னா கலரு ஐசி?" என்றாள் அத்தை. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வேடிக்கை அது.

மேலேயிருந்து பார்த்தால் இந்த ஊரின் ஜனத்தொகையை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம் போல இருந்தது. மலாய்க்காரர் வீடுகள் தென்னைகளுக்கு நடுவில். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் வடக்கே வயல் பக்கம். சீனர்கள் ஆற்றின் எதிர்க்கரையில், தண்ணீருக்குள் கால் ஊன்றிய வீடுகளில். தமிழர்கள் உள்ளே, தோட்டங்களில். இப்போது அந்தத் தோட்டங்களில் வங்காளிகளும் நேபாளிகளும். ஏதோ ஒரு காலத்தில் இந்த ஆற்று வாயில் நுழையாமல் இங்கே வந்தவர்கள் குறைவு. என் தாத்தாவும் ரப்பர்ப் பாலும் டச்சுக்காரன் பீரங்கியும் ஒரே கழிமுகத்தில்தான் புழங்கியிருக்கிறார்கள்.

எதிர்க்கரைக்குப் பாசிர் பெனாம்பாங் என்று பெயர். பாலம் தாண்டினால் கருவாட்டு வாசனை. படகுகள் அடுக்கடுக்காகக் கட்டியிருந்தன. மூன்று கடைகளில் விசாரித்து நான்காவது கடையை அடைந்தோம். கல்லாவில் மருமகள். பின்னால் பிரம்பு நாற்காலியில் பனியனும் கால்சட்டையுமாக ஒரு கிழவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஆ செங். அவருடைய அப்பா தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் மீன் விற்றவர், பிறகு இவரும் விற்றார்.

"தவுக்கே, என்னத் தெரியுதா?" என்றாள் அத்தை. சீன முதலாளிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"தெரில. யாரு நீ?"

"அஞ்சல. ஆத்தோரத் தோட்டம். முனியாண்டி மவ."

கிழவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"மூணாம் லயமா?"

"ஆமா."

"என் ஆரஞ்சு தின்னவ."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தமிழ் தோட்டத்துத் தமிழ். நீங்கள், வாங்க, போங்க என்பதெல்லாம் அதில் கிடையாது.

"உக்காரு. எல்லாரும் உக்காரு. உங்கப்பன் மேல எனக்கு இன்னும் கோவம்லா. சீனப் பெருநாள், ரெண்டாம் நாள். எவனும் கடலுக்குப் போகல. கட சாத்திட்டோம். எங்கப்பா மாஜோங் வெளையாடறான். மழயில உங்கப்பன் நடந்தே வந்து வாசல்ல நிக்கறான். தவுக்கே, பால்சுறா வேணும்ங்கறான். பெருநாள்ல எவன் சுறா புடிப்பான்? எங்கப்பா ஏசினான். உங்கப்பன் போகல. காலையில பொண்டாட்டி புள்ள பெத்துட்டா, பால் ஊறல, மொத பொட்டப்புள்ள இப்படித்தான் செத்துச்சுன்னு சொல்லி நிக்கறான். எங்கம்மா உள்ள போயி எங்களுக்கு வெச்சிருந்த சுறாக் கருவாட்டக் குடுத்தா. பெருநாள்ல வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னு ரெண்டு ஆரஞ்சும் குடுத்தா. அந்த ரெண்டும் என்னோட ஆரஞ்சு."

"எங்கப்பா சொல்லவே இல்ல தவுக்கே" என்றாள் அத்தை.

"எப்படிச் சொல்வான்? அடுத்த வாரம் எங்கப்பா சைக்கிள்ல ஒக்காந்து நானே வந்தேன். எவ தின்னான்னு பாக்கணும்ல. தொட்டில்ல நீ. மூஞ்சி செவப்பா, கத்திக்கிட்டு. சரி, இதுக்கா என் ஆரஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

எந்த வருடம் என்று மகேஸ் அவசரமாகக் கேட்டாள்.

"முயல் வருசம். எனக்கு எட்டு வயசு. பெருநாள் காசு வெச்சுக் குடுத்த, முயல் படம் போட்ட செவப்பு உறை இன்னும் வெச்சிருக்கேன்."

சீனர்கள் வருடத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர் வைப்பார்கள். அத்தையின் சிவப்பு அட்டையில் கிராணி போட்ட வருடமும் அதுதான் என்று மகேஸ் போனில் பார்த்துச் சொன்னாள். ஆள் மூஞ்சியைப் பார்த்து வருடத்தைச் சரியாகப் பிடித்த அந்தக் கிராணிக்கு என் மனதில் ஒரு கும்பிடு போட்டேன்.

தாய்க்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் ஊரிலும் உண்டு. அந்தச் சுறா ஒருநாள் சாட்சி சொல்லும் என்று யாரும் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை வருவாயா என்று அத்தை கேட்டாள்.

"வர்றேன். ஆனா ரெண்டு ஆரஞ்சு."

வெள்ளிக்கிழமை அவரைக் கோலசிலாங்கூரிலிருந்து கூட்டி வரும் வேலை எனக்கும் மகேஸுக்கும். முழுக்கைச் சட்டை, காலில் மினுக்கிய சப்பாத்து, தலையில் எண்ணெய். காரில் ஏறியதும் கையை நீட்டினார். அத்தை கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பையை வைத்தேன். இரண்டு இல்லை, ஒரு டஜன். எண்ணிப் பார்த்துவிட்டு, "வட்டியா?" என்றார்.

அலுவலகத்தில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் அதிகாரி. நாற்பது வயதிருக்கும். அத்தை முதலில் பழைய காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மகேஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இதைக் காட்டத் தேவையே இல்லை, குழப்பம்தான் வரும் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

"இது நீங்களா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"இல்ல. என் அக்கா. பத்து மாசத்துல செத்துட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. எனக்குக் காகிதம் இல்ல." அத்தை மலாயை உடைத்து உடைத்துப் பேசினாள், ஆனால் நிறுத்தாமல் பேசினாள்.

அதிகாரி ஆ செங்கைப் பார்த்து, இவர் பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். கிழவர் மழை, மாஜோங், சுறா, ஆரஞ்சு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஆரஞ்சு வந்த இடத்தில் இன்னும் கோபமாகவே சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சுறா எதற்கு?" என்றார். மகேஸ் விளக்கினாள்.

"எனக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா விரால் மீன் கொடுத்தாங்க. நாற்பது நாளும்" என்றார் அதிகாரி. பிறகு கணினியில் ஏதோ தட்டினார். அந்த முயல் வருடத்தில் பெருநாளின் இரண்டாம் நாள் எது என்று தேடுகிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரமானது.

உறுதி எதுவும் தரவில்லை. ஆ செங்கிடம் கையெழுத்து வாங்கினார். மேலிடத்துக்குப் போகும், கடிதம் வரும், சில மாதமாகலாம் என்றார். மனு பெற்றதற்கு ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார். மகேஸ் அதைப் படித்தாள்: அஞ்சலை, தந்தை முனியாண்டி. பிறந்த நாள் என்ற இடத்தில் கிராணியின் தேதி இல்லை, அந்தப் பெருநாளின் இரண்டாம் நாள் இருந்தது.

"இன்னொரு தடவ படி" என்றாள் அத்தை. மகேஸ் படித்தாள். "இன்னொரு தடவ."

ஆ செங் ஓர் ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். "இந்தா. இது நானே குடுக்கறது."

ஞாயிறு காலை நான் கிளம்பினேன். அத்தை பழைய காகிதத்தைக் கண்ணாடித் தாளில் வைத்து ஓரம் ஒட்டியிருந்தாள். அதிகாரி நகலெடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை என் பைக்குள் தானே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இத அண்ணன் பொட்டியிலயே வையி. பேப்பருக்கு அடியில வேணாம், மேல வையி. எங்கக்காவாவது மொதல்ல ஊரப் பாக்கட்டும்."

"உனக்கு வேணாமா அத்தை? நீல அட்டை வந்ததும் சொல்லு, தபால்ல அனுப்பிடறேன்" என்றேன்.

"தபால் எதுக்கு?" என்றாள். "நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."